வெளிநாடு செல்வோரின் ஓட்டுநர் உரிமம்: புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முடிக்க வேண்டிய வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெங்களூருவிலிருந்து வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறும் தமிழர்கள் ஏராளம். விசா, பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் தடுப்பூசிச் சான்று என்று ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் திட்டமிட்டுச் சேர்த்துவைக்கும் இவர்கள், ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி மட்டும் பெட்டி கட்டும் வாரத்தில்தான் நினைக்கிறார்கள். அப்போதும் "இன்டர்நேஷனல் லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது, இனி அங்கே போய்க் கார் ஓட்டிக்கொள்ளலாம்" என்ற நிம்மதியோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். அல்சூர் பகுதியில் நெடுங்காலமாக ஓட்டுநர் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில், இந்த நம்பிக்கையால் எத்தனை பேர் அங்கே போய்த் தவிக்கிறார்கள் என்பதை என்னிடம் பயின்றவர்கள் வாயிலாகவே கேட்டு வருகிறேன். அவர்களின் சிரமத்தில் பாதியை, எந்தத் தேதியிலிருந்து உரிமம் வைத்திருக்கிறார்கள் என்று உறுதிசெய்யும் ஒரே ஒரு காகிதத்தால் நம் போக்குவரத்துத் துறை தீர்த்துவிட முடியும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்த இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்பது என்ன என்று பார்க்க வேண்டும். 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி, அதில் சேர்ந்துள்ள நாடுகள் தம் ஓட்டுநர்களுக்கு அளிக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அது. நம் ஊர் உரிமத்தில் உள்ள விவரங்களை அயல்நாட்டு அதிகாரி படித்துப் புரிந்துகொள்வதற்கான துணை ஆவணமே தவிர, தனித்து நிற்கும் உரிமம் அன்று. மூல உரிமம் கையில் இல்லாமல் அதை மட்டும் காட்டினால் செல்லாது. அதன் ஆயுள் ஓராண்டு. நம் உரிமம் அதற்கு முன்பே காலாவதியானால் அந்த நாளோடு அதுவும் முடிந்துவிடும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஆகஸ்டில் இந்த அனுமதியின் வடிவத்தை நாடு முழுவதும் ஒரே சீராக்கி, மூல உரிமத்தோடு இணைக்கும் க்யூ.ஆர். குறியீட்டையும் அதில் சேர்த்தது வரவேற்கத்தக்கது. பத்து ஆண்டுகள் செல்லும் சர்வதேச உரிமம் என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் அட்டைகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. அப்படி ஓர் ஆவணத்துக்கு எந்த உடன்படிக்கையிலும் இடமில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் உண்மையான அனுமதியை விட்டுவிட்டு, பல மடங்கு பணம் கட்டி இவற்றை வாங்கிவந்து என்னிடம் காட்டிய இளைஞர்களும் உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

உண்மையான அனுமதியும்கூடச் சுற்றுலா செல்பவருக்கும் குறுகிய காலம் தங்குபவருக்கும் உரியது. ஒருவர் அந்நாட்டில் குடியிருப்பவர் என்ற நிலையை அடைந்த நாளிலிருந்து சட்டம் அவரை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குகிறது. அந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறுகிறது. சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஜெர்மனியில் குடியேறியவர் இந்திய உரிமத்தை வைத்து ஆறு மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு ஜெர்மானிய உரிமம் பெற்றாக வேண்டும். பிரிட்டனில் பன்னிரண்டு மாதம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அறுபது நாள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் தொண்ணூறு நாள் அவகாசம் தருகிறது. கலிஃபோர்னியாவோ குடியிருப்பு உறுதியான பத்து நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா கிடைத்துவிட்டால், நம் உரிமமும் அதோடு இணைந்த சர்வதேச அனுமதியும் அன்றோடு பயனற்றுப் போகின்றன. இந்தக் கெடு முடிந்த பிறகு ஓட்டுபவர், அங்குள்ள சட்டத்தின் பார்வையில் உரிமமே இல்லாமல் ஓட்டுபவர்தான். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும், இழப்பீட்டுத் தொகையை அவரிடமிருந்தே வசூலிக்கவும் அது காரணமாகிவிடும். புதிதாகக் குடியேறிய குடும்பத்தின் சேமிப்பு மட்டுமின்றி, விசாவும்கூட இதனால் ஆபத்துக்குள்ளாகலாம்.

இங்கே ஒரு தவறான யோசனை நம்மவர்களிடம் வேகமாகப் பரவியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும்போதே சர்வதேச அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள, இந்தியத் தூதரகங்கள் வழியாக விண்ணப்பிக்கும் வசதியை மத்திய அரசு 2021 ஜனவரியில் அறிவித்தது. நல்ல வசதிதான். ஆனால், அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே அங்கு காலம் தள்ளிவிடலாம் என்று சிலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். ஜெர்மனியின் ஆறு மாதமும் ஒன்டாரியோவின் அறுபது நாளும் அந்த நாட்டுச் சட்டம் விதித்த கெடு. நாம் இங்கிருந்து எத்தனை முறை புதுப்பித்து அனுப்பினாலும் அந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. இந்த ஒரு செய்தியை, அனுமதியை வழங்கும் கவுன்டரிலேயே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் எத்தனையோ பேர் விழித்துக்கொள்வார்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். நம் உரிமத்தை நேரடியாக மாற்றித்தராத நாடுகள்கூட, அதன் அடிப்படையில் சில சலுகைகளைத் தருகின்றன. அந்தச் சலுகைகள் எல்லாமே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கின்றன: இந்த மனிதர் எந்தத் தேதியிலிருந்து உரிமத்தோடு ஓட்டி வருகிறார்? ஒன்டாரியோவில் புதிய ஓட்டுநர் ஜி1, ஜி2, ஜி என்ற படிகளை மாதக்கணக்கில் காத்திருந்து கடக்க வேண்டும். ஏற்கெனவே வேறு நாட்டில் ஓட்டிய அனுபவம் இருந்தால் அந்தக் காத்திருப்புக் குறையும். ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால், உரிம அட்டை போதாது, உரிமம் வழங்கிய அதிகாரியோ தூதரகமோ எழுத்தில் தந்த உறுதிச் சான்று வேண்டும். துபாயில் கட்டாயப் பயிற்சி வகுப்புகளின் எண்ணிக்கை, சொந்த நாட்டு உரிமம் எத்தனை ஆண்டு பழையது என்பதைப் பொறுத்துக் குறைகிறது. ஜெர்மனியில் முறையான உரிமம் உள்ளவருக்குக் கட்டாயப் பயிற்சி வகுப்புகளிலிருந்து விலக்கு உண்டு. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் மட்டும் எழுதினால் போதும். ஆனால் ஜெர்மனியில் குடியேறிய பிறகு, விடுமுறையில் ஊருக்கு வந்து எடுத்த உரிமத்தை அவர்கள் ஏற்பதில்லை.

அந்தக் கடைசி விதியைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் 1998இல் இங்கே உரிமம் பெற்றவர். ஜெர்மனிக்குப் போன பிறகு ஊருக்கு வந்தபோது, காலாவதியாகவிருந்த உரிமத்தைப் புதுப்பித்து, புதிய ஸ்மார்ட் கார்டு வாங்கிச் செல்கிறார். அந்த அட்டையில் அவருடைய முதல் தேதி சரியாக இல்லாமல், புதுப்பித்த தேதி மட்டும் கண்ணில் பட்டால், அங்கே குடியேறிய பிறகு எடுத்த உரிமம் என்ற சந்தேகம் எழுவதற்கு அதுவே போதுமானது. 2019இல் நாடு முழுவதற்கும் பொதுவாக வந்த அட்டை வடிவத்தில் முதன்முதலில் உரிமம் வழங்கப்பட்ட தேதிக்கென்று இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தில் எந்தத் தேதி அச்சாகிறது என்பது, பழைய பதிவேட்டிலிருந்து கணினியில் ஏற்றியவர் எதைத் தட்டினார் என்பதைப் பொறுத்திருக்கிறது. கையால் எழுதிய புத்தக வடிவ உரிமங்களின் காலத்தவர்கள்தாம் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். அவர்களில் பலருடைய விவரங்கள், ஓட்டுநர் உரிமச் சேவைகளுக்கான அரசு இணையதளமான சாரதியில் ஏறவேயில்லை, ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் 'பேக்லாக் என்ட்ரி' என்று சொல்லப்படும் பழைய பதிவேற்றம் முடிந்தால்தான் அவர்களால் புதுப்பிக்கவோ சர்வதேச அனுமதிக்கு விண்ணப்பிக்கவோ முடியும்.

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவருடைய அனுபவத்தைச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நகரில் பிசகில்லாமல் வண்டி ஓட்டியவர். ஒன்டாரியோவில் குடியேறியபின், அனுபவச் சான்று கேட்டு, தமக்கு உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு எழுதினார், பதில் இல்லை. தம்பியை நேரில் அனுப்பினார். அந்த ஆண்டுக்குரிய பதிவேடு பழைய கட்டடத்திலிருந்து வந்து சேரவில்லை என்றார்கள். பிறகு, உரிமம் வைத்திருப்பவர் நேரில் வந்தால்தான் தேடுவோம் என்றார்கள். அதற்கும் பிறகு, அப்படி ஒரு சான்றிதழுக்குத் தனிப் படிவமே இல்லை என்றார்கள். பழைய புத்தக உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டதால், அவரிடம் அதன் நகல்கூட இல்லை. முடிவில், நேற்றுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்ட இளைஞரோடு ஒரே வரிசையில் நின்று, ஒவ்வொரு படியாகக் காத்திருந்து உரிமம் பெற்றார். புதிய ஓட்டுநர் என்பதால் காப்பீட்டுக் கட்டணமும் அவருக்கு அதற்கேற்பவே அமைந்தது. திறமையில் குறை இருந்து இது நேர்ந்திருந்தால் நான் வருந்தமாட்டேன். அரசு அலுவலகத்தில் இருக்கும் ஒரு தேதியை அரசு அலுவலகம் எழுதித்தராததால் நேர்ந்தது.

உண்மையில், இதற்கான வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஒன்றன்று. சாரதி இணையதளத்திலேயே 'டி.எல். எக்ஸ்ட்ராக்ட்' என்ற உரிம விவரச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. அதைப் பற்றி மக்களுக்குத் தெரியவில்லை. தெரிந்து கேட்டுச் சென்றவர்களுக்கும் ஒவ்வோர் அலுவலகத்தில் ஒவ்வொரு விதமான பதில் கிடைக்கிறது. சில இடங்களில் கணினித் திரையை அச்செடுத்து முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். சில இடங்களில் கையொப்பமிட்டவரின் பெயரோ பதவியோ இருப்பதில்லை. அயல்நாட்டு அதிகாரிக்கு முன்னால் வைக்கப்படும் காகிதத்தில் அவர் முதலில் தேடுவது, இதை யார் கொடுத்தார்கள், இதை நான் எங்கே சரிபார்ப்பது என்ற இரண்டைத்தான். அவை இல்லாத காகிதம், எத்தனை முத்திரை இருந்தாலும் நிற்காது.

நம் நகரத் தமிழர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சேலத்திலோ வேலூரிலோ மதுரையிலோ கல்லூரிக் காலத்தில் உரிமம் எடுத்தவர்கள். பெங்களூருவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் உரிமத்தில் பழைய ஊர் முகவரியே இருக்கிறது. சர்வதேச அனுமதிக்கோ விவரச் சான்றுக்கோ இங்குள்ள அலுவலகத்தை அணுகினால் சொந்த ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால், பெங்களூருவில் தானே வசிக்கிறீர்கள், முகவரியை மாற்றிக்கொண்டு அங்கேயே கேளுங்கள் என்கிறார்கள். விமான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒசூர் சாலையில் போவதும் வருவதுமாக இருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. ஒரே இணையதளம், ஒரே தரவுத்தளம் என்று ஆன பிறகு, எந்த மாநிலத்து உரிமமாக இருந்தாலும் எந்த அலுவலகத்திலும் விவரச் சான்று தருவதற்குத் தடை என்ன இருக்கிறது?

வாசகர்கள் தம் பங்குக்குச் செய்ய வேண்டியதையும் சொல்ல வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, முப்பது வயதுக்குள் எடுத்த சொந்த வாகன உரிமம் நாற்பது வயது வரையிலும், முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் எடுத்தது பத்தாண்டுகளுக்கும் செல்லும். ஆக, நாற்பதை நெருங்கும் வயதில் வெளிநாடு செல்பவருடைய உரிமம், அங்கே அவர் உரிமம் பெறுவதற்கு முன்பே முடிந்துவிடக்கூடும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் தேர்வுக்கு நிற்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவச் சான்றும் தேவைப்படும் என்பதால், அதைக் கடல் கடந்து இருந்துகொண்டு செய்வது எளிதன்று. எனவே, வேலைக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே உரிமத்தின் கடைசித் தேதி, முதல் தேதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். தமிழர்களுக்கு இந்த மூன்றாவது முக்கியமானது. உரிமத்தில் தந்தையின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். அங்குள்ள அதிகாரிக்கு இவர்கள் இருவரும் வெவ்வேறு மனிதர்கள். பழைய புத்தக உரிமம் வைத்திருப்பவர்கள் அதை ஒப்படைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் வண்ணத்தில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணம் சரியாக இருந்தாலும் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகள் சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து ஓட்டியவருக்கு உலகில் எந்தச் சாலையும் கடினமில்லை என்று நம் மக்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. நெரிசலில் வண்டியைக் கீறலின்றி நகர்த்தும் திறமை அவர்களிடம் இருப்பதை நானும் மதிக்கிறேன். அங்கே தேர்வு அதிகாரி பார்ப்பது வேறு. தடம் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தது போதாது. தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு கணம் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தது அதிகாரிக்குத் தெரியவும் வேண்டும். நிறுத்தப் பலகை இருந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு வண்டி இல்லாவிட்டாலும், கோட்டுக்கு முன் சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். நம் ஊரில் செய்வதுபோல் இரண்டாம் கியரில் உருண்டுகொண்டே எட்டிப்பார்த்துவிட்டுப் போனால் அந்த இடத்திலேயே தோல்விதான். ஜெர்மனியின் குடியிருப்புத் தெருக்களில், பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அவர் சிறிய சந்திலிருந்து வந்தாலும், நாம் அகலமான தெருவில் போனாலும் அதுதான் விதி. பெரிய வண்டிக்கும் வேகமாக வருபவருக்கும் வழிவிட்டே பழகிய கண்ணுக்கு, இது தானாகப் பிடிபடுவதில்லை.

சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில், உடம்புக்குப் பழகிப்போன அசைவுகளே முதல் வாரங்களில் எதிரியாகிவிடுகின்றன. கியரைத் தேடிப்போகும் இடக்கை, கதவில் போய் முட்டுகிறது. திரும்புவதற்குச் சைகை காட்டலாம் என்று நம் ஊர்க் கார்களின் பழக்கத்தில் வலப்பக்கத் தண்டைத் தட்டினால், மழையில்லாத நாளில் வைப்பர் ஓடுகிறது. இவை சிறிய தடுமாற்றங்கள். பெரிய ஆபத்து, ஆளில்லாத அதிகாலையில் ஒரு சிறு சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும்போது நேர்கிறது. முன்னால் பின்தொடர ஒரு வண்டியும் இல்லாததால், கை தன் பழக்கப்படி இடது ஓரத்துக்கே வண்டியைக் கொண்டுபோய், எதிரே வருபவரின் தடத்தில் நிறுத்திவிடுகிறது. அதனால், கெடுவுக்குள் ஓட்டலாம் என்று சட்டம் அனுமதித்தாலும், அந்த ஊர்ப் பயிற்சியாளரோடு சில மணி நேரமாவது ஓட்டிப் பழகாமல், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம் என்று என்னிடம் கேட்பவர்களிடமெல்லாம் மன்றாடியே சொல்கிறேன்.

கணவரோ மனைவியோ வேலைக்குச் செல்ல, துணைவர் விசாவில் உடன் செல்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் உரிமம் இருக்கும். ஆனால் அது வங்கியிலும் விமான நிலையத்திலும் அடையாள அட்டையாகவே பயன்பட்டிருக்கும். தேர்வு நாளுக்குப் பிறகு நான்கு சக்கர வண்டியைத் தொட்டிருக்கமாட்டார்கள். அமெரிக்காவின் புறநகர்களில் பேருந்து என்பது பெயருக்குத்தான் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விடவும், மருத்துவரிடம் போகவும், பால் வாங்கவும் கார் வேண்டும். உரிமம் கிடைக்கும் வரை அந்தப் பெண் நான்கு சுவர்களுக்குள்ளேயே இருக்க நேர்கிறது. அங்கே பல மாநிலங்களில் உரிமத்தின் ஆயுளும் விசாவோடு பிணைக்கப்பட்டிருப்பதால், விசா நீட்டிப்பு தாமதமானால் உரிமமும் நின்றுவிடுகிறது. புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பாகவே இங்கு நன்றாக ஓட்டிப் பழகிக்கொள்வது இவர்களுக்கு மற்ற எந்த ஏற்பாட்டையும்விட அவசியம். இங்கே கியர் வண்டியில் பழகுவதா, ஆட்டோமேட்டிக்கில் பழகுவதா என்ற கேள்விக்கும் இப்போதே விடை வேண்டும். நம் உரிமம் பொதுவாக அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை; பிரிட்டனிலும் துபாயிலும் ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு கொடுத்தவருக்கு ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டும் உரிமமே கிடைக்கும்.

எழுத்துத் தேர்வைப் பொறுத்தவரை, தமிழில் எழுதும் வாய்ப்பு எங்கே உண்டு, எங்கே இல்லை என்பது ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் முக்கியமான செய்தி. ஒன்டாரியோவில் எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதலாம். துபாயிலும் தமிழ் இருக்கிறது. பிரிட்டனில் ஒருகாலத்தில் கேள்விகளைத் தமிழில் ஒலிக்கச்செய்து கேட்டுப் பதிலளிக்க முடிந்தது. 2014 ஏப்ரலிலிருந்து அந்நிய மொழிகள் அனைத்துக்கும் அந்த வசதி நிறுத்தப்பட்டுவிட்டது. ஜெர்மனியில் ஜெர்மன் தவிரப் பன்னிரண்டு மொழிகளில் எழுதலாம், ஆங்கிலம் அதில் உண்டு, இந்திய மொழி ஒன்றும் இல்லை. வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்வோருக்கு வெளியுறவு அமைச்சகம் நடத்தும் பயணத்துக்கு முந்தைய வழிகாட்டுப் பயிற்சியில் ஊதியம், ஒப்பந்தம் பற்றியெல்லாம் சொல்லித்தருகிறார்கள். ஓட்டுநராகவே வேலைக்குச் செல்பவர்களுக்கு உரிமத்தைப் பற்றியும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரும் நன்மை விளையும்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்காக இங்குள்ள அரசு அலுவலகம் ஏன் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஓட்டுநரைப் பற்றிய பதிவேடு அவர் சாலையை விட்டு எங்கு போனாலும் அவருடையது; அதற்கான கட்டணத்தை அவர் ஒவ்வொரு முறையும் செலுத்தித்தான் இருக்கிறார். அதோடு, இது வெளிநாடு செல்வோருக்கு மட்டும் பயன்படும் வேலையும் அன்று. பழைய பதிவேடுகளைச் சரியான தேதியோடு கணினியில் ஏற்றி முடித்தால், விபத்து வழக்கில் இழப்பீடு கேட்டு நிற்கும் ஏழைக் குடும்பத்துக்கும், கனரக வாகன வேலைக்கு அனுபவம் காட்ட வேண்டிய லாரி ஓட்டுநருக்கும் அதே தேதி கைகொடுக்கும்.

வெளிநாடுகள் நம் உரிமத்தை அப்படியே மாற்றித்தர மறுப்பதை அவமதிப்பாகக் கருதிக் கோபப்படுபவர்களையும் பார்க்கிறேன். சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா முதலிய ஆசிய நாடுகளின் கார் உரிமங்களைப் பிரிட்டன் மாற்றித்தருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்; ஒரு நாட்டின் தேர்வு தன் தேர்வுக்கு நிகரானது என்று நம்பினால்தான் இன்னொரு நாடு அப்படிச் செய்யும். திடலில் சில நிமிடம் வண்டியை ஓட்டிக்காட்டி, நெடுஞ்சாலையையே பார்க்காமல் உரிமம் பெற்றுவிட முடிகிற நிலை இங்கே நீடிக்கும்வரை நாம் அந்த மரியாதையைக் கேட்டுப் பெற முடியாது. தேர்வைக் கடுமையாக்குங்கள் என்று சொல்வது என் தொழிலுக்கு எதிரானது என்று சக பயிற்சியாளர்கள் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது நெடுங்காலம் பிடிக்கும் வேலை. நான் இங்கே கேட்பது நாளையே தொடங்கக்கூடியது.

ஆகவே, கர்நாடகப் போக்குவரத்துத் துறைக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக வைக்கும் வேண்டுகோள் இதுதான். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் தனியாகக் கேட்காமலேயே, உரிம விவரச் சான்றையும் அதே கட்டணத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அதில் ஒவ்வொரு வாகன வகைக்கும் முதன்முதலில் உரிமம் வழங்கிய தேதி, இடையில் புதுப்பித்த தேதிகள், உரிமம் ரத்தோ இடைநீக்கமோ ஆனதுண்டா என்ற விவரம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், கையொப்பமிடும் அதிகாரியின் பெயரும் பதவியும் அலுவலக மின்னஞ்சலும், இணையத்தில் சரிபார்ப்பதற்கான க்யூ.ஆர். குறியீடு ஆகியவை ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவர்கள், நேரில் வராமல் இணையம் வழியாகவே அதைப் பெறும்படி செய்யுங்கள். பழைய புத்தக உரிமங்களின் பதிவேற்றத்துக்கு ஒரு கெடு வைத்து, அதுவரை அசல் புத்தகத்தைக் காட்டுபவருக்கு அதன் அடிப்படையிலேயே சான்று வழங்குங்கள். புத்தகத்தைத் திரும்பப் பெறும்போது சான்றொப்பமிட்ட நகல் ஒன்றை அவரிடமே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு உரிமம் வைத்திருப்பவரை ஒசூருக்கும் சேலத்துக்கும் அலையவிடாமல் இருக்க, இரு மாநிலத் துறைகளும் கலந்து பேசி ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே போதும்.

நகரில் உள்ள தமிழ் அமைப்புகளுக்கும் ஒன்று சொல்வேன். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் திரளும் கூட்டத்தில் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் எப்போதும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, ஜெர்மனியிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் உரிமம் பெற்றுத் திரும்பியவர்களை அழைத்து, அவரவர் நாட்டு நடைமுறையை விளக்கச் சொல்லுங்கள். இடம் கொடுத்தால், வலப்பக்கச் சாலை விதிகளைப் படம் வரைந்து சொல்லித்தரவும், ஒவ்வொருவருடைய உரிமத்தையும் வாங்கித் தேதிகளைச் சரிபார்த்துக் கொடுக்கவும் நானும் என் சக பயிற்சியாளர்கள் சிலரும் கட்டணமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓர் ஓட்டுநர் பயிற்சியாளர்,
அல்சூர், பெங்களூரு.